மணியாச்சிக்கு வந்த பெல்ஜியம் துப்பாக்கி



நாசரேத்திலிருந்து திருநெல்வேலி வழியாகச் சென்னைக்கு ரயிலேறும் நாம் மணியாச்சியைத் தாண்டித்தான் போகிறோம். அங்கே 1911 ஜூன் 17-இல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அந்தத் துப்பாக்கி எந்த ஊர்ச் சரக்கு என்று யாரும் கேட்பதில்லை. அது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்.

சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ, பெல்ஜியத்தின் லீஜ் நகருக்குத் துப்பாக்கி அப்படி. பக்கத்து வெஸ்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் வேட்டைத் துப்பாக்கிக்குக் குழல் அடிப்பார்கள். இரும்பையும் எஃகையும் அடுக்கிக் காய்ச்சி, கயிறு போல முறுக்கி, பட்டையாக்கி, ஓர் உருளைக் கம்பியின்மேல் சுற்றி, மறுபடி காய்ச்சி அடித்து ஒட்டவைப்பார்கள். பிறகுதான் உள்ளே கடைவது. மேலே அமிலம் பட்டால் கோலம் போல வரிகள் தெரியும். டமாஸ்கஸ் குழல் என்று பெயர். (டமாஸ்கஸ் வாளுக்கு எஃகு போனது நம் தென்னிந்தியாவிலிருந்து. ஆனால் அது உருக்கு எஃகு, இது ஒட்டு வேலை. குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

குழலைச் சோதித்தே விற்க வேண்டும் என்று 1672-லேயே அங்கே சட்டம். மருந்தை அளவுக்கு மிஞ்சிப் போட்டுச் சுடுவார்கள். தாங்கினால் முத்திரை, பிற்காலத்தில் அது முட்டை வடிவக் கோட்டுக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள். குழல் வெடிக்குமா என்று பார்த்தார்களே தவிர, வாங்குகிறவர் யார் என்று பார்க்கவில்லை. சிறிய நாடு, ஏற்றுமதியே பிழைப்பு.

1889-இல் லீஜ் துப்பாக்கிக்காரர்கள் கூடி ஹெர்ஸ்டாலில் எஃப்.என். தொழிற்சாலை தொடங்கினார்கள். அரசுக்கு 1,50,000 மவுசர் செய்த கையோடு, அமெரிக்கர் ஜான் பிரவுனிங்கின் கைத்துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டைப் பையில் அடங்கும் சரக்கு.

இங்கோ 1878 ஆயுதச் சட்டம். இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். அப்படியும் 1909-இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரவுனிங்குகளைப் பெட்டியின் கள்ள அடித்தட்டில் அனுப்பினார். அவ்வருடமே நாசிக் கலெக்டர் ஜாக்சன் அவற்றில் ஒன்றுக்குப் பலியானார். வாஞ்சி சுடப் பழகியது பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம்.

ஆஷ் கொடைக்கானல் போக ரயில் பெட்டியில் காத்திருந்தார். மனைவி மேரியும் உடனிருந்தார். இதை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை. சுட்டபின் வாஞ்சி பிளாட்பாரக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார்.

மூன்று வருடம் கழித்து, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றதும் ஹெர்ஸ்டால் பிரவுனிங்தான். அதில் மூண்ட போரில், 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை முதலில் தாக்கிய பெரிய நகரம் லீஜ்.