தாலிடோமைடு ஒட்டிய சீட்டு

1957ல் மேற்கு ஜெர்மனியில் காண்டர்கான்னு ஒரு தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. உள்ளே இருந்த மருந்து தாலிடோமைடு. டாக்டர் சீட்டுகூட வேண்டாம். மசக்கைக்கு நல்லதுன்னு கர்ப்பிணிகளும் சாப்பிட்டாங்க. 1961 நவம்பரில் அங்கே நிறுத்தினார்கள். அதற்குள் பாதிப்பு பல நாடுகளுக்குப் பரவியிருந்தது. மொத்தம் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் சரியாக வளராமல் பிறந்தன. (அமெரிக்கா பெரும்பாலும் தப்பித்தது பிரான்சிஸ் கெல்சிங்கற அம்மாவோட பிடிவாதத்தால. அது தனிப் பதிவுக்கான கதை.)

ஏன் அப்படி ஆச்சுன்னு தெரிய அரை நூற்றாண்டு ஆனது. அதுக்கு முன்னாடி செல்லோட குப்பைக் கதையைப் பார்த்துடுவோம்.

கெட்டுப்போன புரதத்து மேல யுபிக்விட்டின்னு ஒரு குட்டிப் புரதத்தைச் சீட்டு மாதிரி ஒட்டுது செல். சீட்டு இருந்தா புரோட்டியசோம் என்கிற அரவை மிஷின் அதை அரைச்சுடும். 1980 வாக்கில் இதைக் கண்டுபிடித்த ஹெர்ஷ்கோ, சிச்சனோவர், ரோஸ் மூவருக்கும் 2004ல் வேதியியல் நோபல்.

1987ல் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இருந்த டவ் புரதச் சிக்கல்களை ஆராய்ந்தபோது, அதிலும் அதே சீட்டு! ஒட்டின சீட்டு அப்படியே இருக்கு, குப்பை மட்டும் போகலை. படிச்சப்ப மனசை என்னவோ பண்ணிச்சுங்க.

சீட்டை நாமே ஒட்ட வைத்தால்? 2001ல் க்ரூஸும் டெஷாய்ஸும் இரண்டு கை உள்ள ஒரு மூலக்கூறைச் செய்தார்கள். பேரு புரோட்டாக். ஒரு கை வேண்டாத புரதத்தைப் பிடிக்கும், இன்னொரு கை சீட்டு ஒட்டும் என்சைமை இழுத்து வரும். சாதாரண மருந்து புரதத்தோட வேலை செய்யும் குழியில் போய் அடைச்சுக்கணும். டவ்வுக்கு அப்படி ஒரு குழி கிடையாது. புரோட்டாக்குக்கு எங்கே பிடி கிடைச்சாலும் போதும். ஒன்றை முடிச்சுட்டு அடுத்ததுக்கும் போகும்.

இப்ப தாலிடோமைடுக்கு வருவோம். 2010ல் ஜப்பானின் இட்டோ, ஹாண்டா குழு, அது செரிப்ளான் என்ற புரதத்தில் ஒட்டுவதைக் கண்டது. செரிப்ளான், சீட்டு ஒட்டும் கூட்டத்தில் ஒரு ஆள். 2018ல் மீதி புரிந்தது. தாலிடோமைடு ஒட்டினதும், கருவில் கை கால் வளரத் தேவையான சால்-4 புரதத்துக்குச் சீட்டு விழுந்துடுது. யாருக்கும் தெரியாமலே அந்த மாத்திரை செய்தது இதே வேலைதான்! இன்று பல புரோட்டாக்குகளின் ஒரு கை தாலிடோமைடு குடும்பத்திலிருந்து வந்தது.

மூளைக்குள் இதை அனுப்புவது லேசில்லை, ஏன்னா மூலக்கூறு பெரிசு, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு விடாது. பார்க்கின்சனோடு தொடர்புள்ள எல்.ஆர்.ஆர்.கே-2 புரதத்தைக் குறிவைத்த ஏ.ஆர்.வி-102 மருந்தை 2024ல் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் முதுகுத்தண்டு நீரில் அந்தப் புரதம் குறைந்ததாக 2025ல் ஆர்வினாஸ் கம்பெனி அறிவித்தது. அப்படின்னா தடுப்பைத் தாண்டிடுச்சு. நோய் குறையுமாங்கறது வேற கேள்வி. டவ்வில் இன்னொரு சிக்கல்: நல்ல டவ் நரம்புக்கு வேணும், கெட்டதை மட்டும் பிடிக்கிற கை வேணும்.