பாரிஸிலிருந்து கடலூர்: அன்று ஐந்து மாதம், இன்று பத்து மணி நேரம்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கும் இரும்பை, மாகாளேஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து பாரிஸ் போக வேண்டுமானால் இன்று என்ன செய்வார்கள்? பக்கத்தில் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையம் இருந்தாலும் அதன் ஓடுதளம் பெரிய விமானங்களுக்குப் போதாது. அதனால் காரிலோ பஸ்ஸிலோ மூன்று மணி நேரத்தில் சென்னை. அங்கிருந்து பாரிஸுக்கு வான்வழித் தூரம் சுமார் 8,000 கி.மீ. நிற்காமல் பறந்தால் ஏறக்குறைய பத்து மணி நேரம்தான்.

இதே தூரம் ஒரு காலத்தில் மனித உயிர்களைக் குடித்தது என்றால் நம்ப முடிகிறதா?

1778-ல் பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இறங்கின. அந்த வருடமே ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்தார்கள். அதை மீட்க 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலப் படை வந்தது. உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. அவருக்குத் துணையாக மைசூர் வீரர்கள். இரு பக்கமும் சிப்பாய்களாக நின்றவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டவர்கள்தான்.

ஜூன் 13-ல் கடும் சண்டை. இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் விழுந்தார்கள். ஜூன் 20-ல் கடலூருக்கு எதிரே கடலில் சுஃப்ரனின் 15 கப்பல்களும் ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. அதில் மட்டும் சுமார் 200 பேர் மாண்டார்கள். ஜூன் 25-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையிலிருந்து வெளியே வந்து தாக்கினார்கள். அதிலும் பலர் இறந்தார்கள்.

ஜூன் 29-ல் சென்னையிலிருந்து சமாதானக் கொடியுடன் ஒரு ஆங்கிலக் கப்பல் வந்தது. அது கொண்டு வந்த செய்தி: போர் முடிந்துவிட்டது!

எப்போது முடிந்தது? வெர்சாய் நகரில் முதற்கட்ட உடன்படிக்கை கையெழுத்தானது 1783 ஜனவரி 20-ல். அதாவது 160 நாட்களுக்கு முன்பே! கடல் சண்டை நடந்த அன்று சமாதானம் ஏற்பட்டுச் சரியாக ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 20,000 கி.மீ.க்கும் மேல் பாய்மரக் கப்பல் வர வேண்டும். காற்று வீசும் பருவமும் சாதகமாக இருக்க வேண்டும்.

இந்தத் தாமதம் உடன்படிக்கை எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. உடன்படிக்கை உறுதியான பிறகு பிடிபடும் கப்பல்களையும் சரக்குகளையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி, அதற்குக் கெடுவும் வைத்தார்கள். இங்கிலீஷ் கால்வாயில் 12 நாள், கேனரி தீவுகள் வரை ஒரு மாதம், பூமத்திய ரேகை வரை இரண்டு மாதம், உலகின் மற்ற இடங்களில் ஐந்து மாதம். கப்பலையும் சரக்கையும் திருப்பித் தரலாம். போன உயிரை யார் திருப்பித் தருவது?

பிறகு காலம் வேகமாகச் சுருங்கியது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870-ல் பம்பாய்க்குக் கடலடித் தந்திக் கம்பி வந்ததும் செய்தி கப்பலுக்காகக் காத்திருக்கவில்லை. 1929-ல் லண்டன்-கராச்சி விமானத் தபால் ஏழு நாளில் வந்தது. 1932-ல் டாடாவின் விமானம் அந்தத் தபாலைச் சென்னை வரை கொண்டு வந்தது.

பாரிஸ் இருக்கும் இடத்திலேயேதான் இருக்கிறது, கடலூரும் அப்படியே. மாறியது நடுவில் இருக்கும் காலம்தான். அந்தக் காலத்தின் விலையை 1783-ல் கொடுத்தவர்கள், வெர்சாய் எங்கே இருக்கிறது என்றுகூட அறியாத சாதாரணச் சிப்பாய்கள்.