சங்கிலி ரம்ப எஞ்சினும் பெரிய மாதிரி விமானங்களும்

மாதிரி விமானங்களுக்கென்றே செய்யப்பட்ட பெட்ரோல் எஞ்சின்கள் 1930களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அவற்றுள் புகழ்பெற்று நின்றது, ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பில் பிரவுன் உருவாக்கிய, சுமார் 10 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட 'பிரவுன் ஜூனியர்' ஆகும். தீப்பொறி உண்டாக்குவதற்கான மின்சுருளையும் பேட்டரியையும் அந்தச் சிறு விமானமே சுமந்தாக வேண்டியிருந்தது. 1947இல் ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த குளோ பிளக், அதாவது ஒருமுறை சூடேறியபின் எஞ்சின் ஓடும்வரை தானே கனன்றுகொண்டிருக்கும் பிளாட்டினக் கம்பிச்சுருள், அந்தச் சுமையை இறக்கிவைத்தது. ஆனால் அதற்கு மெத்தனாலும் எண்ணெயும் கலந்த விலைகூடிய எரிபொருள் தேவைப்பட்டது.

விமானம் சிறிதாக இருந்தவரை இச்செலவு பெரிதாகத் தெரியவில்லை. 1970களில் உண்மையான விமானத்தின் நான்கில் ஒரு பங்கு அளவில் மாதிரிகளைக் கட்டும் ஆர்வம் அமெரிக்காவில் பரவி, 1980இல் அத்தகையோருக்கென அமைந்த பன்னாட்டுச் சங்கம் ஒற்றை இறக்கை விமானத்திற்கு 80 அங்குலமும் இரட்டை இறக்கை விமானத்திற்கு 60 அங்குலமும் குறைந்தபட்ச இறக்கை நீளம் என வகுத்த காலத்தில், நிலைமை மாறிவிட்டிருந்தது. ஒரு லிட்டர் மெத்தனால் தரும் வெப்பம் பெட்ரோல் தருவதில் ஏறத்தாழப் பாதியே என்பதால், பெரிய எஞ்சினுக்கு அது கட்டுபடியாகவில்லை. பெட்ரோலில் ஓடும் எடை குறைந்த எஞ்சினைத் தேடியவர்கள் மரம் வெட்டுவோரின் கருவியிடம் வந்து சேர்ந்தனர்.

அக்கருவி அவர்களுக்குப் பொருந்தியது தற்செயல் அன்று. 1927இல் ஜெர்மனியின் தூரிங்கியாவில் எமில் லெர்ப் சோதித்துப் பார்த்த பெட்ரோல் சங்கிலி ரம்பம் 58 கிலோ எடையுடன் இருவர் தூக்கிப் பிடிக்க வேண்டியதாக இருந்தது. சோதனை நடந்த டோல்மார் மலையின் பெயரே பின்னர் லெர்ப்பின் நிறுவனத்தின் பெயராயிற்று. 1959இல் வந்த ஷ்டில் நிறுவனத்தின் 'கான்ட்ரா' ரம்பமோ பல்சக்கர இணைப்பு இன்றி சுமார் 12 கிலோ எடையில் 6 குதிரைத்திறன் தந்தது. எடையைக் காட்டிலும் முக்கியமான மாற்றம் கார்புரேட்டரில் நிகழ்ந்தது. மிதவை கொண்ட பழைய கார்புரேட்டர் நிமிர்ந்த நிலையில்தான் இயங்கும் என்பதால், ரம்பத்தைச் சாய்க்கும் தொழிலாளிக்காக மெல்லிய சவ்வின் அசைவால் எரிபொருளை அளந்து விடும் டயாஃப்ரம் கார்புரேட்டர் கையாளப்பட்டது. கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பே அதிலுள்ள சிறு பம்பை இயக்கியது. தலைகீழாகப் புரளும் விமானத்திற்கு வேண்டியதும் இதுவே.

எஞ்சினை மாற்றியமைக்கும் வேலை வீட்டுப் பட்டறைகளில் லேத் கொண்டு நடந்தது. கிளச்சும், சங்கிலிப் பல்சக்கரமும், சங்கிலிக்கு எண்ணெய் விடும் பம்பும், இழுகயிறும் கழற்றப்பட்டன. காற்றைத் தள்ளும் தகடுகள் கொண்ட ஃப்ளைவீல் என்னும் சமன்சக்கரம், குளிர்விக்கும் வேலையை உந்துவிசிறியே செய்துவிடுவதால், கடைந்து இலகுவாக்கப்பட்டது. கடினமானது சுழலும் திசையே. ரம்பத்தின் கிளச்சு முனையிலிருந்து பார்த்தால் தண்டு கடிகாரத் திசையில் சுழலும். வழக்கமான உந்துவிசிறிக்கு முன்னிருந்து பார்க்கையில் எதிர்த்திசை வேண்டும். ஆகவே சிலர் விசிறியைச் சமன்சக்கர முனையில் பொருத்தினர். வேறு சிலர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இருபுறமும் ஓடக்கூடியது என்பதை அறிந்து, சமன்சக்கரத்தின் இருப்பை நகர்த்தித் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றினர். தீப்பொறி, விமானத்தைக் கட்டுப்படுத்தும் ரேடியோவைக் குழப்பியதால், மின்தடை கொண்ட பிளக்கும், சிக்னல் வாங்கும் கருவியை எஞ்சினிலிருந்து தள்ளிவைப்பதும் கட்டாயமாயின.



சாக்ஸ்-டோல்மார், கோமாட்சு செனோவா ஆகிய ரம்ப நிறுவனங்களின் எஞ்சின்கள் இவ்வாறு பெயர்பெற்றபின், விமானத்திற்கென்றே பெட்ரோல் எஞ்சின் வார்க்கும் நிறுவனங்கள் தோன்றின. சமன்சக்கரத்தை நீக்கி, விசிறிக் குடத்தில் பதித்த சிறு காந்தத்தைக் கொண்டு தீப்பொறியின் நேரத்தை அறியும் மின்னணு முறையை அவை கையாண்டன. எனினும் அந்த எஞ்சின்களிலும் பெரும்பாலும் பொருத்தப்பட்டிருப்பது, மரம் வெட்டுவோர் தந்த அதே டயாஃப்ரம் கார்புரேட்டர்தான்.