மருந்தின் நான்காம் கூறு: குடிநோய்ச் சிகிச்சை வரலாற்றில் காஞ்சிபுரத்துத் தறிவீடு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் மது பற்றிய வரலாறு பெரும்பாலும் கடைகள் திறந்த ஆண்டுகள், மூடிய ஆண்டுகள் என்னும் வரிசையிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. குடிநோய்க்கான மருந்துகள் எப்போது தோன்றின, அவற்றை நோயாளியின் கையில் நாள்தோறும் கொடுத்தவர் யார் என்னும் வினாக்களுக்கு அவ்வரிசையில் இடமில்லை. டைசல்ஃபிரம் என்னும் மருந்தின் வரலாற்றை மதுவிலக்கின் வரலாற்றோடு சேர்த்துப் படித்து, மருந்து கொடுக்கும் பொறுப்பு வீட்டுப் பெண்ணிடம் வந்து சேர்ந்த முறையைக் காஞ்சிபுரத்துப் பட்டுநெசவுக் குடும்பத்தின் உழைப்பமைப்பை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குடிநோய், மதுவிலக்கு, டைசல்ஃபிரம், காஞ்சிபுரம், பட்டுநெசவு, குடும்ப உழைப்பு.

முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம், சூது 94, மருந்து 95. கள்ளுக்கும் மருந்துக்கும் இடையே நிற்பது ஓர் அதிகாரமே. குடித்தவனிடம் காரணம் காட்டிப் பேசித் திருத்துவது வீண்முயற்சி என்னும் எல்லைவரை வள்ளுவர் வருகிறார். ஆனால் அவனை மருத்துவனிடம் அனுப்புவதில்லை. மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளோ (950) மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன். நான்காமவனுக்கு அங்கு இடப்பட்ட பெயர் உழைச்செல்வான்.

தமிழகத்தின் மது வரலாற்றை எழுதியோர் அரசையும் கடையையும் வருவாயையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அதற்குச் சான்றுகளும் மிகுதி. சென்னை மாகாண அரசு அப்காரி வருவாய் குறித்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டது. ஏலத்தொகை, மரவரி, வழக்குகளின் எண்ணிக்கை அனைத்தும் அச்சில் கிடைக்கின்றன. குடிப்பவன் அவ்வறிக்கைகளில் நுகர்வின் அளவாகவோ குற்றவாளியாகவோ மட்டுமே தோன்றுகிறான். அவனை நோயாளியாகக் கொண்டு வரலாறு எழுத முற்பட்டால், குறள் கூறும் நான்காம் கூறே முதல் வினாவாக எழுகிறது என்பது என் கருத்து.

காஞ்சியின் பழைய சான்று

காஞ்சிபுரத்தையும் குடியையும் பற்றிப் பேசும் எவரும் முதலாம் மகேந்திரவர்மனின் மத்தவிலாசப் பிரகசனத்தைத் தவிர்க்க இயலாது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடமொழியில் இயற்றப்பட்ட இந்நகை நாடகத்தின் பெயர் காஞ்சிக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டிலும் காணப்படுகிறது. காபாலிகன் சத்தியசோமன் தன் துணைவி தேவசோமையுடன் காஞ்சித் தெருக்களில் மது மயக்கத்தில் திரிகிறான். மதுக்கடையை வேள்விச்சாலையோடு ஒப்பிட்டு மகிழ்கிறான்.

ஆய்வாளர் பெரும்பாலும் இந்நாடகத்தைச் சமயப் பூசலின் சான்றாகவே எடுத்தாள்வர். நம் நோக்கிற்கு ஏற்றது அதிலுள்ள ஒரு சிறு காட்சி. மயக்கத்தில் துணைவியின் பெயரை மாற்றி அழைத்துவிட்ட காபாலிகன், பழியை மதுவின்மேல் போட்டு, இனிக் குடிப்பதில்லை என்கிறான். தேவசோமையோ தன் பொருட்டு அவன் தவத்தைக் குலைத்துக்கொள்ள வேண்டா என்று தடுக்கிறாள். அவனும் உடனே இசைகிறான். நகைச்சுவைக்காக அமைந்த காட்சிதான் இது. ஆயினும் குடியை விடுவதும் விடாததும் அருகிலிருப்பவரைப் பொறுத்தது என்னும் செய்தி அரசப் புலவனின் கண்ணில் பட்டிருக்கிறது. குடிநோய்ச் சிகிச்சையாளர் இன்று குடும்ப அமர்வுகளில் எதிர்கொள்ளும் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இரண்டு ஆண்டுகள்: 1937, 1948

தற்காலத்திற்கு வருவோம். இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன்பே திருச்செங்கோட்டு காந்தி ஆசிரமத்திலிருந்து அவர் நடத்திய மதுவிலக்கு இதழின் பெயர் விமோசனம்; கல்கி அதில் துணையாசிரியராகப் பணியாற்றினார். அப்பெயரே அக்காலப் பார்வையைச் சொல்லிவிடுகிறது. குடிப்பவன் விடுவிக்கப்பட வேண்டியவன். கடை மூடினால் விடுதலை கிட்டும். 1943இல் போர்க்காலத்தில் நிறுத்தப்பட்ட மதுவிலக்கு, 1946 முதல் மீண்டும் படிப்படியாக வந்து, 1948 அக்டோபர் 2 அன்று காஞ்சிபுரம் அடங்கிய செங்கற்பட்டு மாவட்டம் உட்பட மாகாணம் முழுமைக்கும் உரியதாயிற்று.

இதே இரு ஆண்டுகள் மருத்துவ வரலாற்றிலும் பதிவாகியுள்ளன. 1937இல் அமெரிக்க இரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் மருத்துவரான வில்லியம்ஸ், ரப்பர்த் தொழிலுக்குரிய தையூரம் சேர்மங்களைக் கையாளும் தொழிலாளர் மதுவருந்த இயலாமல் துன்புறுவதைக் குறித்தார். குடிப்பழக்கத்திற்கு இது மருந்தாகலாமோ என்றும் வினவினார். அக்குறிப்பு பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பின்னர் டென்மார்க்கில் ஹால்டு, யாக்கப்சன் ஆகிய இருவரும் அவ்வகைச் சேர்மமாகிய டைசல்ஃபிரத்தைக் குடற்புழு மருந்தாகச் சோதிக்கத் தாமே உட்கொண்டனர். பிறகு மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, உடல்நலம் குன்றக் கண்டனர். மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி, பின் ஒரு நொதியால் சிதைக்கப்படுகிறது. டைசல்ஃபிரம் அந்நொதியைத் தடுப்பதால் அசிட்டால்டிஹைடு தேங்கி இத்துன்பத்தை விளைவிக்கிறது. அவர்களின் கட்டுரை லான்செட் இதழில் வெளிவந்தது 1948 டிசம்பரில். சென்னை மாகாணத்தில் முழு மதுவிலக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இவ்வொற்றுமை தற்செயலானதே, அதன்மேல் கோட்பாடு எதையும் கட்ட இயலாது. ஆயினும் இரண்டும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் என்பதைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. மதுவிலக்குச் சட்டம் குடிக்கும் செயலுக்கு வெளியிலிருந்து தண்டனை தருகிறது. டைசல்ஃபிரம் அதனை உடலுக்குள்ளிருந்தே தருகிறது. இரண்டும் வேட்கையைத் தொடுவதில்லை. வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மதுச்சார்புக்கு அமெரிக்காவில் ஏற்பு பெற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மருந்து என்னும் விதிவிலக்கு

அரசமைப்புச் சட்டத்தின் 47ஆவது உறுப்பு போதைதரும் மதுவகைகளை விலக்க அரசு முயல வேண்டும் என்கிறது. மருத்துவ நோக்கத்திற்கு மட்டும் விலக்களிக்கிறது. மது, மருந்து ஆகிய இரு சொற்களும் நம் உயர்ந்த சட்டத்தில் சந்திக்கும் இடம் இது. ஆனால் அங்கு மருந்து என்பது குடிநோயைத் தீர்க்கும் பொருளன்று. மதுவே மருந்தாகப் பயன்படுவதைக் குறிப்பது. பால்சாரா வழக்கில் (1951) உச்ச நீதிமன்றம், ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் தடைசெய்த அளவிற்குப் பம்பாய் மதுவிலக்குச் சட்டப் பிரிவுகள் செல்லா என்று தீர்ப்பளித்தது. டிங்சர்களும் வார்னிஷும் பிரெஞ்சு பாலிஷும் குடிபொருள்களாயின. மருந்துக்கடை வழியே மது சென்ற காலத்தில், குடிநோய்க்குரிய மருந்து அதே கடையில் மக்களுக்கு அறிமுகமாகவில்லை.

காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1967இல் முதலமைச்சரானபின் வருவாய் இழப்பையும் பொருட்படுத்தாமல் மதுவிலக்கைத் தொடர்ந்தார். 1971இல் அது தளர்ந்தது. 1973-74இல் கள், சாராயக் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றி, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இவ்வரிசை பலரும் அறிந்ததே.

சிகிச்சையின் வருகை

கடையின் வரலாற்றோடு ஒட்டாமல் மற்றொரு வரிசை செல்கிறது. தம் கணவரை மதுவினால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். விலகல் அறிகுறிகளுக்கு மருந்து, பின்னர் உளவழித்துணை, குடும்பத்தாருக்குத் தனி அமர்வுகள் என அங்கு உருவான முறை 1989 முதல் மஞ்சக்குடியில் ஊர் முகாமாகவும் நடைபெற்றது. முகாமின் சிறப்பு, நோயாளியை ஊரிலிருந்து பிரிக்காமல் ஊராரின் முன்னிலையிலேயே சிகிச்சை அளித்ததாகும். நடுவண் அரசின் மதுவிலக்கு மற்றும் போதைத் தடுப்புத் திட்டம் 1985-86இல் தொடங்கிற்று. குடிகாரன் என்னும் வசைக்கு மாற்றாகக் குடிநோயாளி என்னும் சொல் தமிழில் பரவியது இத்தகைய பணிகளின் வழியேதான். அச்சொல்லை உருவாக்கியோர், உடன் மருந்தின் நான்காம் கூறையும் பெயரிட்டிருக்கலாம்.

தறிவீடு

பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீடும் தொழிற்கூடமும் வேறல்ல. குழித்தறியில் நெசவாளர் அமர்கிறார். மனைவியோ தாயோ தார் சுற்றுகிறார். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். கரைப்பக்கம் நாடா தள்ள மற்றொருவர் உட்கார வேண்டும். நெய்து முடித்த சேலைக்கே கூலி. சங்கமாயினும் தனி முதலாளியாயினும் அளவு அதுதான். இக்கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி 1982இல் நூல் எழுதிய இவான் ஆர்ட்டர்பர்ன் ஒருவரையொருவர் சார்ந்திருத்தல் என்னும் கருத்தையே நூலின் தலைப்பில் வைத்தார். தனி முதலாளியிடம் பெற்ற முன்பணம் கழியாதவரை நெசவாளர் வேறிடம் செல்லவும் இயலாது. முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் தறிகளில் அமர்த்தப்பட்டதை மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்துள்ளது.

நெசவாளர் பிறரினும் மிகுதியாகக் குடிப்பவர் என்று இங்குக் கூறவில்லை. அவ்வாறு கூறச் சான்றில்லை. குடிநோய் ஒரு வீட்டினுள் நுழைந்தால் அது உழைப்பின் எந்தக் கண்ணியைப் பிடிக்கும் என்பதே வினா. மதுச்சார்பு முற்றியவருக்குக் கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில், பெரும்பாலும் மறுநாட்காலையில், கை நடுங்கத் தொடங்கும். பட்டிழையும் சரிகையும் கையாளும் தொழிலுக்கு அந்நடுக்கமே முதல் இழப்பு. அதனை அடக்கக் காலையிலேயே சிறிது குடிப்பவர், தம் அளவில் ஒரு மருந்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். திடீரென முற்றிலும் நிறுத்தினாலோ வலிப்பும், இரண்டு மூன்று நாள்களில் மனக்குழப்பமும் வரக்கூடும். குளோர்டயசிபாக்சைடு முதலிய மருந்துகளும் தயமினும் இக்கட்டத்திற்குரியவை. கோயிலில் கயிறு கட்டி ஒரே நாளில் விட்டவருக்கு இவ்வாபத்தை எடுத்துச் சொல்வோர் குறைவு. நெசவாளர் பத்து நாள் மருத்துவமனையில் தங்கினால் தறி நிற்கும். தார் சுற்றுபவருக்கும் கரை போடுபவருக்கும் வேலை நிற்கும். முன்பணம் மட்டும் நிற்பதில்லை. ஆகவே வீட்டிலிருந்தபடியே எடுக்கக்கூடிய மாத்திரை இத்தகைய குடும்பத்திற்குப் பொருந்திவருகிறது. அதை யார் கொடுப்பது?

உழைச்செல்வாள்

1986இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 605 முன்னாள் படைவீரர் பங்கேற்றனர். மாத்திரையை விழுங்குவதைப் பார்த்து உறுதிசெய்ய எவரையும் அமர்த்தாத அவ்வாய்வில், முற்றும் குடியாதிருந்தோர் எண்ணிக்கையில் டைசல்ஃபிரத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு விளையவில்லை. ஒழுங்காக விழுங்கியோர் சிலரே. 2004இல் மும்பையில் டி சூசா இருவரும் வெளியிட்ட ஆய்வில் 100 ஆண்கள் பங்கேற்றனர். மருந்து எடுப்பதை உறுதிசெய்யக் குடும்பத்தார் ஒருவர் இருப்பது சேர்க்கைக்கான நிபந்தனை. ஓராண்டு முடிவில் டைசல்ஃபிரம் பெற்றோரில் 86 விழுக்காட்டினரும் நால்ட்ரெக்சோன் பெற்றோரில் 44 விழுக்காட்டினரும் குடியாதிருந்தனர். இரு ஆய்வுகளும் வெவ்வேறு நாட்டுச் சூழல்களைச் சேர்ந்தவை. மும்பை ஆய்வில் எவருக்கு எம்மருந்து என்பது மறைக்கப்படவுமில்லை. எண்களை நேராக ஒப்பிடுவது முறையன்று. ஆயினும் டைசல்ஃபிரத்தின் வலிமை பெருமளவு அதைக் கையில் வைத்துக் கொடுப்பவரிடம் உள்ளது என்னும் முடிவைப் பிற்காலத் தொகுப்பாய்வுகளும் வலுப்படுத்துகின்றன.

குடும்பத்தார் என்று ஆய்வுகள் பொதுவாகக் குறிப்பவர் நம் வீடுகளில் பெரும்பாலும் மனைவியே. அவர் தார் சுற்ற வேண்டும், சமைக்க வேண்டும், இப்போது மாத்திரையும் எண்ண வேண்டும். கணவர் மறுத்தால் அடிபடுபவரும் அவர். மாத்திரை நின்று குடி திரும்பினால் குறை கேட்பவரும் அவர். குடிப்பவருக்குத் தெரியாமலேயே உணவில் கலந்து கொடுக்கலாம் என்னும் விளம்பரங்கள் அவரை நோக்கியே எழுதப்படுகின்றன. டைசல்ஃபிரத்தை அவ்வாறு கொடுப்பது உயிருக்கே ஆபத்து: அறியாமல் அதனை உட்கொண்டு மதுவருந்துபவருக்கு இரத்த அழுத்தம் வீழ்ந்து இதயம் பாதிக்கப்படலாம், மருந்தை நிறுத்திய பின்னும் ஏறத்தாழ இரு வாரம் வரை அதன் விளைவு நீடிக்கலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் தொடர்பான மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆகவே குடிநோயாளியின் இசைவு இன்று சட்டத்திற்கும் உரியது. மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலக்கும் பெண்ணைக் குற்றவாளியாக்குமுன், அவர் கையில் அப்பொறுப்பைத் தனியே விட்டவர் யார் என்று கேட்க வேண்டும்.

வேறு வழி இல்லாமலில்லை. அபின்வகைப் பொருள்களைச் சார்ந்தோருக்கு, ஊசிவழி எச்ஐவி பரவும் அச்சத்தால், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-08 முதல் மாற்று மருந்துச் சிகிச்சையை நடத்துகிறது. மையப் பணியாளர் முன்னிலையில் புப்ரெனார்ஃபின் மாத்திரை நாள்தோறும் நாவின்கீழ் வைக்கப்படுகிறது. அங்கு நான்காம் கூறை அரசே ஏற்றுள்ளது. மதுவை விற்கும் அரசு, மதுநோயின் நான்காம் கூறை வீட்டிற்கு விட்டிருக்கிறது. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி மதுச்சார்பு உடையோர் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சையோ உதவியோ பெற்றதாகக் கூறினார். நால்ட்ரெக்சோனும் அகாம்ப்ரோசேட்டும் 2023இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. தமிழகத்தில் 2025இல் கலங்கரை என்னும் பெயரில் 25 இடங்களில் மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. மையத்திலிருந்து வீடு திரும்பியவருக்கு மறுநாட்காலை மாத்திரை தருபவர் பற்றிய பதிவேடு ஒன்று அங்கு வைக்கப்படுமாயின், அது வரும்கால வரலாற்றாசிரியனுக்கு அப்காரி அறிக்கைகளைவிடப் பயன்படும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவிற்கும் உயர் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர் வீடு தேடி வந்து தருகின்றனர். தறிவீட்டுத் திண்ணையில் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை எண்ணித் தரப்படும் நேரத்தில், உள்ளே கணவருக்குரிய மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்கடியில் வைத்துக் காப்பவர் மருமகளே.