உரத்தைக் கட்டிப்போட்ட கரி

அமேசான் காட்டு மண்ணுக்கு வெளித்தோற்றம்தான் செழிப்பு. மரத்தை வெட்டி எரித்துவிட்டு மரவள்ளி நட்டால் இரண்டு மூன்று போகம் ஒழுங்காக வரும். பிறகு மண் வெளிறி, மஞ்சளாகக் கிடக்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற மழை, இருக்கிற சத்தைக் கரைத்து வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறக்கிவிடுகிறது. கடையில் வாங்கிய உரத்தைப் போட்டாலும் அதே கதிதான்.

இந்தக் காட்டுக்குள்ளேயே, ஆற்றை ஒட்டிய மேட்டு நிலங்களில் திட்டுத்திட்டாக ஒரு கறுப்பு மண் கிடக்கிறது. சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்கும் மேல். பிரேசில்காரர்கள் அதை ‘தெர்ரா பிரேட்டா’ என்கிறார்கள். ஒரு கை அள்ளினால் பானை ஓடு, மீன் முள், விரலில் கறுப்பாக ஒட்டும் கரித்துணுக்கு எல்லாம் சேர்ந்து வரும். அக்கம்பக்கத்து மஞ்சள் மண்மீது பெய்யும் மழைதான் இதன்மீதும் பெய்கிறது. ஆனாலும் இதில் சத்து நிற்கிறது. இன்று ‘பயோசார்’ என்ற பெயரில் கரியை உரத்தோடு சேர்த்துப் போடச் சொல்கிறார்களே, அந்த யோசனை நம் காலத்து ஆய்வாளர்களுக்கு உதித்தது பெரும்பாலும் இந்தத் திட்டுகளைப் பார்த்துத்தான்.

அதன் அருமை உள்ளூர்க்காரர்களுக்கு எப்போதோ தெரியும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன தென்மாநிலத்தவர் சிலர் 1860களில் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து சாந்தாரெம் ஊர்ப்பக்கம் தங்கினார்கள். கறுப்பு மண்ணாகப் பார்த்துக் கரும்பும் புகையிலையும் போட்டார்கள். அந்தப் பக்கம் சுற்றிய ஹெர்பர்ட் ஸ்மித் 1879இல் எழுதிய புத்தகத்தில், இந்த வளம் பழங்குடிகளின் அடுக்களைக் கழிவு நெடுங்காலம் சேர்ந்து உண்டானது என்று சொல்லிவிட்டார். 1903இல் ஃப்ரீட்ரிக் காட்சர் என்ற புவியியலாளர் மண்ணைப் பகுத்துப் பார்த்து, அதில் கரிந்த தாவரப் பொருள் கலந்திருக்கிறது என்று எழுதினார்.

பாதி விடை அப்போதே கிடைத்தாயிற்று. ஆனால் பிற்பாடு வந்த நிபுணர்களில் சிலர் இது எரிமலைச் சாம்பல் என்றார்கள். வேறு சிலர் வற்றிய ஏரியின் வண்டல் என்றார்கள். பானை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டே எப்படி இப்படிச் சொல்ல முடிந்தது? காட்டுவாசிகளுக்கு மண்ணைத் திருத்தத் தெரிந்திருக்கும் என்று நம்ப மனம் வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இந்த மண்ணைத் திரும்பவும் ஆராய்ச்சியாளர்களின் கண்ணில் பட வைத்தவர் நெதர்லாந்தின் விம் சோம்ப்ரூக். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் பிடியில் நெதர்லாந்து பட்டினி கிடந்தபோது அவர் பத்து வயதுப் பையன். தலைமுறை தலைமுறையாக வீட்டுச் சாம்பலும் எருவும் கொட்டிக் கறுத்துப்போன குடும்பத்தின் துண்டு நிலம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. பிற்காலத்தில் அமேசானில் மண் ஆய்வுக்குப் போனவர், அங்கேயும் மனிதக் கையால் கறுத்த மண்ணைக் கண்டால் அடையாளம் தெரியாமல் போகுமா? அமேசான் மண்வகைகளைப் பற்றிய அவருடைய நூல் 1966இல் வந்தது.

2001இல் மண் ஆய்வாளர் புரூனோ கிளாசரும் கூட்டாளிகளும் கணக்கோடு வந்தார்கள். சுற்றியுள்ள மண்ணைவிட 70 மடங்கு வரை அதிகமான கரி இதில் இருந்தது. திறந்தவெளியில் கொழுந்துவிட்டு எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும். காற்று அடைபட்டுப் புகைந்து வெந்தால்தான் இவ்வளவு கரி தேறும். அந்தக் கரி பல நூறு ஆண்டுகளாக மக்கிப்போகாமல் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டார்கள். மண்ணில் கரி இருக்கிறது, மண் வளமாக இருக்கிறது, ஆகவே கரி போட்டால் வளம் வரும் என்று முடிவு கட்டினார்கள். மீன் முள்ளிலிருந்து வந்த மணிச்சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும், மனிதக் கழிவிலிருந்து வந்த தழைச்சத்தையும் கணக்கில் விட்டுவிட்டார்கள். அந்தக் குப்பைமேட்டில் கரி ஒருநாளும் தனியாக விழுந்ததில்லை.

கரி எவ்வளவு, உரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வேலை பிரேசிலின் மனாவுஸ் நகரத்தை ஒட்டி நடந்தது. யோஹன்னஸ் லேமன் குழுவினர் கரி கலந்த மஞ்சள் மண்ணில் உரம் போட்டு, அடியில் வடியும் நீரைச் சோதித்தார்கள். உரத்தின் தழைச்சத்து வடிந்து வீணாவது கணிசமாகக் குறைந்திருந்தது. முடிவு 2003இல் வெளியானது. அடுத்து கிறிஸ்டோஃப் ஸ்டெய்னர் குழு வயலில் இறங்கியது. கரி, கோழி எரு, மட்கு, காட்டுச் சருகு, ரசாயன உரம் என்று 15 விதச் சேர்க்கைகள், ஒவ்வொன்றுக்கும் 5 பாத்திகள். கரியைப் பொடித்து ஹெக்டேருக்கு 11 டன் வீதம் கலந்தார்கள். நெல்லும் சோளமுமாக நான்கு போகம் எடுத்தார்கள்.

உரத்தோடு கரி சேர்ந்த பாத்தியில், உரம் மட்டும் போட்டதைப்போல இரண்டு மடங்கு தானியம். கரியை மட்டும் நம்பிய பாத்தியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் முந்தியது கோழி எரு, நான்கு போகத்துக்கும் சேர்த்து ஹெக்டேருக்கு 12.4 டன். பயோசார் விற்பவர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் ஏனோ சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஏன் இப்படி? கரி பயிருக்கு உணவில்லை, உணவைத் தங்க வைக்கும் இடம். மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது காற்றும் நுண்ணுயிரும் பட்டு அதன் மேற்பரப்பில் எதிர்மின்சுமை கூடுகிறது. நேர்மின்சுமை கொண்ட அமோனியம், பொட்டாசியம், கால்சியம் அதில் ஒட்டிக்கொள்கின்றன. புதுக்கரிக்கு அந்தப் பிடிப்பு குறைவு. அதை வெறுமனே போட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தும் பயிருக்கு எட்டாமல் முடங்கி, பயிர் பட்டினி கிடக்கவும் கூடும். 2015இல் வெளியான ஒரு சோதனையில், சத்தில்லாத மணல் மண்ணில் கினோவா வளர்த்தார்கள். புதுக்கரி கலந்த தொட்டியில் வளர்ச்சி, எதுவும் கலக்காததில் 60 சதவீதத்துக்கு இறங்கியது. அதே கரியை மட்குக் குவியலில் சேர்த்து மட்கவைத்துப் போட்ட தொட்டியில் 305 சதவீதம் வரை ஏறியது. அந்தக் கரிக்குள் நைட்ரேட் ஏராளமாகப் பிடிபட்டிருந்தது. நைட்ரேட்டுக்கும் எதிர்மின்சுமைதான் என்பதால் மண்ணில் நிற்காமல் நீரோடு முதலில் ஓடுவது அதுதான்.

நம் பக்கம் சீமைக்கருவேலமும் கரிமூட்டம் போடத் தெரிந்த கைகளும் இருப்பதால் ஆசை வருவது இயல்பு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் அந்த மரத்தின் கரியை ஆராய்ந்திருக்கிறது. ஆனால் அமேசான் கணக்கை அப்படியே இங்கே இறக்க முடியாது. அங்கே மண் புளிப்பு. கரியோடு வரும் காரமே பாதி மருந்து. தமிழ்நாட்டில் பல வறண்ட மாவட்டங்களின் மண் ஏற்கெனவே காரம். அதோடு ஹெக்டேருக்கு 11 டன் என்றால் ஏக்கருக்கு நாலரை டன் வருகிறது. அடுப்புக்கு விலைபோகும் கரியை அந்த அளவு வயலில் கொட்ட எந்த விவசாயிக்கும் கட்டுப்படியாகாது. விலைபோகாத பருத்திமாறு, உமி போன்றவற்றைக் கரியாக்கி, எருக்குழியில் சாணத்தோடு ஒரு பருவம் கிடக்கவிட்டு, அடியுரத்தோடு செம்மண், மணல்சாரி நிலத்தில் போடுவதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஓரமாக உரம் மட்டும் போட்ட பாத்தி ஒன்றையும் விட்டுவைத்தால், அறுப்பன்று தராசே பதில் சொல்லிவிடும்.