வயலிலும் தோட்டத்திலும் வழுக்கி விழாமல் இருக்க...

பாம்புக்கும் மின்சாரத்துக்கும் பயப்படும் நாம், பாசி பிடித்த படிக்குப் பயப்படுவதில்லை. அறுவடை நேரத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டால் ஒரு போகத்து வருமானமே போய்விடும். சில முன்னெச்சரிக்கைகள் இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

வரப்பு, தொட்டி, கிணறு

* பம்ப் செட் தொட்டியைச் சுற்றியுள்ள பாசியை அவ்வப்போது தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் கசியும் குழாயை உடனே சரி செய்யுங்கள்.
* நடைபாதையில் மண்வெட்டி, கயிறு, சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றைப் போட்டு வைக்காதீர்கள்.
* தலைச்சுமையுடன் ஈர வரப்பில் நடக்காதீர்கள். சுமையைக் குறைத்து இரண்டு நடையாகக் கொண்டு போங்கள்.
* திறந்த கிணற்றுக்கு இடுப்பு உயரச் சுவர் கட்டுங்கள். அதுவரை முள்வேலியாவது போடுங்கள். இரவில் மோட்டார் போடப் போகும்போது டார்ச் லைட் அவசியம்.

ஏணி

ஏணியின் மேல்முனை 12 அடி உயரத்தில் சாய்ந்திருந்தால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். கெட்டியான தரையில் நிறுத்தி, மேல்முனையைக் கட்டிவிட்டு ஏறுங்கள்.

தென்னை மரம்

மழை பெய்து மரம் ஈரமாக இருக்கும்போது ஏறவோ, ஆளை ஏற்றவோ கூடாது. கொண்டையை அடைந்ததும் காய்ந்த மட்டையைப் பிடித்துத் தொங்கக் கூடாது. அது கழன்று வந்துவிடும். மரம் ஏறும் கருவியுடன் பாதுகாப்பு பெல்ட்டும் போட வேண்டும். கீழே ஓர் ஆள் கட்டாயம் இருக்கட்டும். ஆனால் அவர் மரத்தடியில் நிற்கக் கூடாது.

விழுந்துவிட்டால்

பதற்றத்தில் தூக்கி உட்கார வைப்பதும், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போவதும்தான் பெரிய ஆபத்து. கழுத்து, முதுகு வலித்தாலோ கால் மரத்துப் போனாலோ தண்டுவடம் அடிபட்டிருக்கலாம். அசைத்தால் கை கால் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். படுத்தபடியே இருக்கச் செய்து, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

காப்பீடு

வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திப் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். உங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர்களையும் சேரச் சொல்லுங்கள்.