மேடை ஒளியின் பழுதுகள்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்திலுள்ள செர்காம் போன்ற ஊர்களின் தமிழ் மேடை, ரப்பர்த் தோட்டத்தோடு வளர்ந்தது. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்ட முன்னோடியான டான் சாய் யான், பின்னர் இதே மாவட்டத்துப் புக்கிட் அசகானில் அதை விரிவாக்கினார். அதன்பின் பெருகிய தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டப்பட்டபோது, வந்தவர்களோடு கூத்தும் நாடகமும் வந்தன. திருவிழா இரவுகளில் அம்மேடைகளுக்கு ஒளி தந்தது கேஸ் விளக்கு எனப்பட்ட பெட்ரோமாக்ஸ். காற்றழுத்தத்தால் மேலேறும் மண்ணெண்ணெய் ஆவியாகி வலைத்திரியை வெண்மையாக ஒளிரச் செய்யும் இவ்விளக்கின் பழுதுகள் கண்ணுக்குத் தெரிபவை: துளையில் கரி அடைத்தால் ஊசியால் குத்தினர், பம்பின் தோல் வாஷர் காய்ந்தால் எண்ணெய் தடவினர், திரி உதிர்ந்தால் புதிது கட்டினர். ஆனால் ஒளியைப் படிப்படியாக மங்கச் செய்ய வழியில்லாததால், காட்சி முடிந்ததைத் திரைதான் அறிவிக்க வேண்டியிருந்தது.

1949இல் மலாயாவில் மத்திய மின்சார வாரியம் அமைந்த பின்னரும், பல தோட்டங்கள் தம் ஜெனரேட்டர் ஓடும் சில மணிநேரத்தையே நம்பியிருந்தன. மின்விளக்கு பரவிய இடங்களில் டிம்மர், அதாவது விளக்குக்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, இன்றியமையாததாயிற்று. இந்திய மேடைகளில் நெடுங்காலம் வழங்கிய உப்புநீர் டிம்மர், ஒரு மண்குழாயும் இரண்டு உலோகத் தகடுகளும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை: அடியில் ஒன்று நிலைத்திருக்க, மற்றொன்றை நீரில் இறக்கினால் விளக்கு பிரகாசிக்கும், ஏற்றினால் மங்கும். உப்பு மிகுந்தால் நீர் கொதித்தது, நீர் வற்றினால் ஒளி குன்றியது, தகடுகள் தொட்டுக்கொண்டால் விளக்கு முழு வீச்சில் எரிந்தது. நீரில் மின்சாரம் ஓடியதால் கை நனைவதே ஆபத்து. 1959இல் கொல்கத்தாவில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில் சுரங்கத்துள் வெள்ளம் புகும் காட்சியை ஒளியால் படைத்த தாபஸ் சென்னின் புகழை, அக்காலக் கருவிகளின் வறுமையோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

1957இல் அமெரிக்காவில் உருவான தைரிஸ்டர், பழுதுபார்ப்போரின் அறிவையே மாற்றியது. மின்னலையின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் குறித்த கணத்தில் திறந்துகொள்ளும் இந்தக் குறைகடத்திக் கதவு, வெப்பமாக மின்சாரத்தை அதிகம் வீணாக்காமலே ஒளியைக் குறைத்தது. ஆனால் பழுதானபோது பெரும்பாலும் புகையோ நெருப்போ காட்டவில்லை. உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டால் கட்டுப்பாட்டுப் போர்டின் கைப்பிடியை எங்கே வைத்தாலும் விளக்கு முழுதாக எரியும். டிம்மரில் எதிரெதிராக இணைந்த இரண்டு தைரிஸ்டர்களில் ஒன்று மட்டும் செயலிழந்தால் ஒளி துடிக்கும். விளக்கை இணைக்காமல் மீட்டரால் மட்டும் சோதிப்பவர், கசியும் சிறு மின்னோட்டத்தால், அணைந்திருக்க வேண்டிய டிம்மரிலும் மின்னழுத்தம் இருப்பதாகத் தவறாகக் கணிப்பார்; ஆகவே ஒரு பல்பைச் சுமையாக இணைத்த பின்னரே அளப்பது முறை. திருவிழாப் பந்தல்களில் இதைவிடக் கொடியது நியூட்ரல் கழன்ற மும்முனை இணைப்பு: 240 வோல்ட்டுக்குரிய சில விளக்குகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் ஏறி, அவை ஒருங்கே கருகும். இப்பழுதுக்குப் பல்பை மட்டும் மாற்றியோர் இன்னொரு பல்பையும் இழந்தனர்.

1986இல் அமெரிக்க மேடைத் தொழில்நுட்பக் கழகம் வகுத்த டிஎம்எக்ஸ் 512, ஒரே கேபிளில் 512 தடங்களுக்குக் கட்டளை அனுப்பும் எண்முறை மொழி. அதன் பின்னர்ப் பழுது விளக்கைவிட்டுக் கம்பிக்குள் புகுந்தது. கேபிளின் இறுதி முனையில் 120 ஓம் தடை இல்லாவிடில் சமிக்ஞை திரும்பி எதிரொலித்து, விளக்குகள் தாமாகவே துடிக்கும். பல டிஎம்எக்ஸ் கருவிகளில் உள்ள மூன்றுமுனை இணைப்பியையே மைக் கேபிளும் பயன்படுத்துவதால், ஒலிபெருக்கிக்காரரிடம் இரவல் வாங்கிய கம்பி குறைந்த தூரத்தில் ஏமாற்றி, நீளமான தூரத்தில் கைவிடும். மலாக்கா போன்ற ஈரக்காற்றுப் பகுதியில் இணைப்பிகளின் முனைகள் பச்சை பூத்து இதே அறிகுறியைக் காட்டும். ஆகவே கருவிகளை ஒவ்வொன்றாகத் துண்டித்து, எந்தக் கட்டத்தில் கோளாறு நின்றது எனப் பின்னோக்கிச் செல்வதே பழுதுபார்ப்பவரின் வழியாயிற்று. எல்இடி விளக்குகள் கட்டுப்பாட்டு மின்சுற்றைத் தம் உள்ளேயே கொண்டு வந்துவிட்டதால், அவற்றைப் பழைய தைரிஸ்டர் டிம்மரில் செருகுவோரின் கவனக்குறைவு இன்று புதுவகைப் பழுதுகளைத் தருகிறது.